டிரெய்லர் இழுக்கும்போது ஒரு நாளைக்கு எவ்வளவு தூரம் ஓட்டுகிறீர்கள்?

#1 நெடுவழி

எல்லோருக்கும் வணக்கம். இரண்டு மாதம் முன்புதான் எங்கள் முதல் டிராவல் டிரெய்லரை, அதாவது வண்டிக்குப் பின்னால் இழுத்துப் போய்த் தங்கும் சக்கர வீட்டை, வாங்கினோம். 24 அடி, இரட்டை அச்சு, சாமான்களோடு சேர்த்து 2,700 கிலோ. நேற்றுதான் முதல் நெடும்பயணம். 720 கி.மீ. வரைபடச் செயலி 7 மணி 10 நிமிடம் என்று காட்டியது. வெறும் காரில் இந்தத் தூரத்தைப் பலமுறை ஒரே மூச்சில் ஓட்டியிருக்கிறேன், அதனால் இரண்டாவது யோசனையே வரவில்லை.

11 மணி நேரம் ஆனது. இரவு ஒன்பதரைக்கு முகாம் தளத்துக்குள் நுழைந்தோம். ஒரு விளக்கு இல்லை. மனைவி டார்ச்சை வைத்துக்கொண்டு பின்னால் நின்று வழி காட்டினாள். அவள் எந்தப் பக்கம் கை காட்டுகிறாள் என்று கண்ணாடியில் தெரியவில்லை, நான் கத்தினேன், அவளும் கத்தினாள். கடைசியில் பின்முனை ஒரு மரக்கட்டையில் இடித்து விளக்கின் கண்ணாடி உடைந்தது.

அதைக்கூட விடுங்கள். அடுத்து நடந்ததுதான் இரவெல்லாம் தூங்க விடவில்லை. சக்கரத்துக்கு அடியில் கட்டை வைக்காமலே ஜாக்கைச் சுற்ற ஆரம்பித்துவிட்டேன். கப்ளர், அதாவது வண்டியின் இழுவைப் பந்தைக் கவ்வும் டிரெய்லரின் முன்முனைப் பூட்டு, பந்தை விட்டு மேலே வந்ததும் டிரெய்லர் ஒரு சாண் பின்னால் உருண்டது. பாதுகாப்புச் சங்கிலியை அவிழ்க்காமல் விட்டிருந்ததால் 'டங்' என்று இழுத்து நின்றது. என் மகள் அப்போது பின்னால்தான் நின்றுகொண்டிருந்தாள்.

அடுத்த வாரம் இதே வழியில் திரும்ப வேண்டும். அனுபவம் உள்ளவர்கள் ஒரு நாளைக்கு எவ்வளவு ஓட்டுகிறீர்கள்? எதை வைத்து முடிவு செய்கிறீர்கள்?

#2 மெதுநடை

தம்பி, குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதே பெரிய நிம்மதி. சங்கிலியைக் கடைசியில் அவிழ்க்கும் பழக்கத்தை ஒருநாளும் விடாதீர்கள்.

கட்டை வைக்க மறந்தது உங்களுக்குத் தெரியாததால் இல்லை. காலை பத்து மணிக்கு அதே வேலையைச் செய்திருந்தால் கை தானாகக் கட்டையைத் தேடியிருக்கும். பதினோரு மணி நேரம் ஓட்டி முடித்த தலைக்கு அது வரவில்லை. நான் 16 வருடமாக இழுக்கிறேன். என் கையால் ஆன சேதம் எல்லாமே நாளின் கடைசி ஒரு மணி நேரத்தில் நடந்தவை. நடுவழியில் ஒன்றுகூட இல்லை.

அதனால் நான் நாளைப் பின்னாலிருந்து கணக்கிடுகிறேன். பிற்பகல் மூன்று மணிக்கு வண்டி நிற்க வேண்டும், அவ்வளவுதான். அங்கிருந்து பின்னோக்கி வந்தால் காலையில் எப்போது கிளம்புவது, எவ்வளவு தூரம் முடியும் என்பது தானாக வந்துவிடும். மூன்று மணிக்கு ஏன்? சேர்ந்த இடம் சரிவாக இருந்தால் மாற்றுவதற்கு வெளிச்சம் இருக்கும். அலுவலகத்தில் ஆள் இருப்பார். தண்ணீர்க் குழாயில் கசிவு தெரிந்தால் சரிசெய்ய நேரம் இருக்கும். வழியில் டயர் போனாலும்கூட ஐந்து மணிக்குப் போய்ச் சேர்ந்துவிடலாம், அப்போதும் இருட்டியிருக்காது.

அமெரிக்காவில் டிரெய்லர்காரர்களிடையே 3-3-3 என்று ஒரு வழக்கு உண்டு. ஒரு நாளில் 300 மைல், அதாவது ஏறக்குறைய 480 கி.மீ.; மூன்று மணிக்குள் சேர்வது; சேர்ந்த இடத்தில் மூன்று இரவு தங்குவது. சிலர் அதையே 2-2-2 என்று குறைத்துக்கொள்வார்கள். என்னைக் கேட்டால் 480 கூட அதிகம். புதிதாக இழுப்பவர் முதல் வருடம் 350-ஐத் தாண்ட வேண்டாம்.

செயலி காட்டும் நேரத்தையும் நம்பாதீர்கள், அது காருக்கான நேரம். நான் மூன்றில் ஒரு பங்கு கூட்டிக்கொள்வேன். நாலரை மணி என்றால் எனக்கு ஆறு மணி. எரிபொருள் நிரப்ப நிறுத்தினாலே, டிரெய்லரோடு நுழைந்து வெளியேற இடம் உள்ள நிலையமாகத் தேட வேண்டியிருக்கிறதே.

#3 கொக்கி

மெதுநடை ஐயா தூரத்தைச் சொல்லிவிட்டார், நான் வேகத்தைப் பற்றிச் சொல்கிறேன். நெடுவழி, உங்கள் டிரெய்லர் டயரின் பக்கச் சுவரை இன்றே ஒருமுறை குனிந்து பாருங்கள். அளவுக்கு முன்னால் எஸ்.டி. என்று இருந்தால் அது டிரெய்லருக்கென்றே செய்த டயர். அந்த வகையில் பல டயர்கள் மணிக்கு 65 மைலுக்கு, அதாவது 105 கி.மீ.க்கு, மேல் ஓடுவதற்குச் செய்யப்பட்டவை அல்ல. இப்போது அதிக வேகக் குறியீட்டோடும் வருகின்றன, ஆனால் உங்களுடையது எது என்று பார்த்துத்தான் சொல்ல முடியும். முன்னால் இழுக்கும் வண்டி 120-ல் சுகமாக ஓடும். பின்னால் உள்ள டயர் கொதிப்பது ஓட்டுநருக்குத் தெரியவே தெரியாது.

டயரைக் கொல்வது வெப்பம். காற்று குறைவு, எடை அதிகம், வேகம் அதிகம், வெயில்: இந்த நான்கில் இரண்டு சேர்ந்தாலே போதும். காலையில் கிளம்புவதற்கு முன், டயர் குளிர்ந்திருக்கும்போதே காற்றைப் பாருங்கள். ஓடி நின்றபின் அழுத்தம் ஏறித்தான் இருக்கும். அதைப் பார்த்துக் காற்றை இறக்கிவிடாதீர்கள், அது பெரிய தப்பு. பக்கச் சுவரில் டி.ஓ.டி. எண்ணின் கடைசி நான்கு இலக்கங்கள் தயாரான வாரமும் வருடமும். 1821 என்றால் 2021-ன் 18-வது வாரம். டிரெய்லர் டயர் தேய்ந்து சாவது அரிது, நின்ற இடத்திலேயே கிழடாகிச் சாகும். புதிய டிரெய்லர் என்றாலும் பாருங்கள்.

அப்புறம் இன்னொரு கணக்கு. 105-ல் போகும் வண்டியின் இயக்க ஆற்றல், 90-ல் போவதைவிட 36 சதவீதம் அதிகம். பிரேக் அத்தனையையும் விழுங்கியாக வேண்டும். காற்றின் எதிர்ப்பும் அதே விகிதத்தில் ஏறுகிறது. டிரெய்லரின் முன்முகம் ஒரு சுவர் மாதிரி, அதனால் எரிபொருளில் உடனே தெரியும். சரி, 90-ல் போனால் எவ்வளவு நேரம் இழக்கிறோம்? 350 கி.மீ.க்கு 33 நிமிடம், அவ்வளவுதான்.

#4 வேகவழி

எனக்கு இதில் முழு உடன்பாடு இல்லை, மன்னிக்கவும். எல்லோரும் 120-ல் போகும் சாலையில் ஒருவர் மட்டும் 90-ல் போனால் அவரே ஓர் ஆபத்து. பின்னால் வருபவர்கள் பொறுமை இழந்து முந்துகிறார்கள், நமக்கு முன்னால் வெட்டி நுழைகிறார்கள். ஒரே சாலையில் வேக வித்தியாசம் அதிகமானால் விபத்தும் அதிகமாகும் என்பதே என் பயம்.

விடுமுறை என்ற ஒன்றும் இருக்கிறது. எனக்கு வருடத்தில் ஒன்பது நாள் சேர்ந்தாற்போல் கிடைத்தால் அதிசயம். 720 கி.மீ.க்குப் போக இரண்டு நாள், வர இரண்டு நாள் என்றால் மிச்சம் ஐந்துதான். நானும் என் தம்பியும் மாறி மாறி ஓட்டி 800 கி.மீ. போயிருக்கிறோம், நன்றாகவே போய்ச் சேர்ந்தோம். ஓய்வு பெற்றவர்களின் கணக்கை வேலைக்குப் போகிறவர்கள் மீது வைக்காதீர்கள் என்பதுதான் என் வேண்டுகோள்.

#5 மெதுநடை

வேகவழி, உங்கள் ஒன்பது நாள் கவலை எனக்குப் புரிகிறது. வேலையில் இருந்த காலத்தில் எனக்கும் அப்படித்தான் இருந்தது. இருவர் மாறி ஓட்டுவது உண்மையிலேயே உதவும், அதை நான் முதலில் சொல்லியிருக்க வேண்டும்.

ஆனால் 90-ல் நீங்கள் தனியாகப் போகவில்லை. லாரிகளோடு போகிறீர்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் கனரக லாரிகளுக்கு 90-ல் வேகத் தடுப்பான் பொருத்தியிருக்க வேண்டும். ஜெர்மனியின் ஆட்டோபானில் டிரெய்லர் இழுக்கும் காருக்கு 80 தான் எல்லை. தனி அனுமதி வாங்கினால் 100, அதற்கும் டிரெய்லர் டயரின் வயது ஆறு வருடத்துக்குள் இருக்க வேண்டும். பிரிட்டனின் மோட்டார்வேயில் 60 மைல், மூன்றோ அதற்கு மேலோ தடங்கள் உள்ள இடத்தில் முந்தும் கடைசித் தடத்துக்கு டிரெய்லர் போகவே கூடாது. கலிஃபோர்னியாவில் 55 மைல். இத்தனை ஊர்ச் சட்டமும் ஒரே திசையில் போகிறது என்றால் அதில் விஷயம் இருக்கிறது.

லாரிக்குப் பின்னால் நல்ல இடைவெளி விட்டு ஓரத் தடத்தில் ஒட்டிக்கொள்ளுங்கள். யாராவது வெட்டி நுழைந்தால் காலை எடுங்கள், இடைவெளி மறுபடி வந்துவிடும். ஒற்றைத் தடச் சாலையில் பின்னால் ஐந்தாறு வண்டி சேர்ந்துவிட்டால் ஒதுங்க இடம் பார்த்து ஒதுங்கி வழிவிடுங்கள். அதற்கு இரண்டு நிமிடம் ஆகும். பின்னால் யாரும் நெருக்காமல் ஓட்டுவதில் உள்ள நிம்மதிக்கு அந்த இரண்டு நிமிடத்தைத் தாராளமாகக் கொடுக்கலாம்.

#6 பனித்துளி

நானும் என் கணவரும் பாதிப் பாதி ஓட்டுகிறோம், எட்டு வருடமாக. பக்கத்து இருக்கையிலிருந்து பார்த்ததைச் சொல்கிறேன், ஏனென்றால் ஓட்டுபவருக்குத் தன் களைப்பு தெரிவதில்லை.

என் கணவருக்கு நாலாவது மணி நேரத்தில் பேச்சு நின்றுவிடும். ஐந்தாவதில் தடத்தின் ஓரக்கோட்டைத் தொட்டுத் தொட்டு வருவார். கேட்டால் "நல்லாத்தான் இருக்கேன்" என்பார். எனக்கும் அப்படி அடையாளங்கள் உண்டு, அவை அவருக்குத்தான் தெரியும். அதனால் எங்கள் வீட்டு ஒப்பந்தம் இது: பக்கத்தில் இருப்பவர் நிறுத்து என்றால் காரணம் கேட்காமல் நிறுத்த வேண்டும்.

இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்துகிறோம். நிறுத்தினால் ஒருவர் முழுச் சுற்று வருவார். கப்ளரின் பூட்டு ஊசி, சங்கிலி, மின்சார வயர், கூரைச் சன்னல், கதவுப்படி, நான்கு டயர், நான்கு ஹப் (சக்கரத்தின் நடுவே பேரிங் உட்காரும் பகுதி). ஹப்பைத் தொடாமல் புறங்கையை அருகில் கொண்டுபோய்ப் பார்ப்பேன். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு நிறுத்தத்தில் மூன்று ஹப் இளஞ்சூடாக இருந்தன, இடது பின்பக்கத்தில் மட்டும் கையை நாலு விரல்கடை தூரத்தில்கூட வைக்க முடியவில்லை. சக்கரத்தின் உள்பக்கம் கிரீஸ் கசிந்து கோடு கோடாக வழிந்திருந்தது. பேரிங் போய்க்கொண்டிருந்தது. அதற்கு ஒரு மாதம் முன்புதான் ஒரு பட்டறையில் பேரிங்குக்குக் கிரீஸ் போட்டு வாங்கியிருந்தோம், அதனால் அந்தப் பக்கம் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை என்று நினைத்திருந்தோம்.

அன்று எங்கள் திட்டம் 310 கி.மீ. அவசரம் இல்லாததால்தான் இறங்கிச் சுற்றி வந்தேன். 700 கி.மீ. திட்டத்தில் இருந்திருந்தால் ஓடிப்போய்க் கழிப்பறைக்குப் போய்விட்டு வந்து ஏறியிருப்பேன், அது எனக்கு நன்றாகவே தெரியும்.

நெடுவழி, உங்கள் மனைவியிடம் கத்தியதைப் பற்றி எழுதியிருந்தீர்கள். பின்னால் எடுப்பதற்கு வெளிச்சத்தில், காலி மைதானத்தில் பழகுங்கள். கைச் சைகை நாலே நாலு போதும்: வா, நில், டிரெய்லரின் வால் இந்தப் பக்கம், அந்தப் பக்கம். வழிகாட்டுபவரின் முகம் கண்ணாடியில் தெரியாவிட்டால் வண்டி நகரக் கூடாது. டார்ச் வெளிச்சத்தில் இது எதுவும் நடக்காது.

#7 நெடுவழி

எல்லோருக்கும் நன்றி. பனித்துளி அக்கா, உங்கள் பதிவை மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். நாலு சைகையையும் இன்று காலை முகாம் தளத்தின் காலி இடத்திலேயே பழகிப் பார்த்தோம்.

கொக்கி அண்ணா, டயரில் எஸ்.டி. என்றுதான் இருக்கிறது. வேகக் குறியீடு எதுவும் இல்லை. அப்படியென்றால் 105 தான் எல்லை, இல்லையா? நான் பல இடத்தில் 110-ல் போனேன்.

இன்னொன்று கேட்க வேண்டும். ஒரு பேருந்து முந்திப் போனபோது டிரெய்லரின் வால் இடமும் வலமுமாக மூன்று நான்கு முறை ஆடியது. ஸ்டியரிங் லேசானது மாதிரி இருந்தது. பயத்தில் பிரேக்கை மிதித்தேன். அது சரியா?

#8 கொக்கி

ஆமாம், 105-ஐ உச்சமாக வைத்துக்கொண்டு 90-95-ல் ஓட்டுங்கள்.

பிரேக்கை மிதித்ததைப் பற்றி: மிதித்தும் தப்பித்தீர்கள் என்றுதான் சொல்ல வேண்டும். முன்வண்டி வேகம் குறையும்போது ஆடிக்கொண்டிருக்கும் டிரெய்லர் அதைப் பின்னாலிருந்து ஒரு கோணத்தில் தள்ளும். அடுத்த முறை ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுங்கள், ஸ்டியரிங்கை நேராகப் பிடியுங்கள், ஆட்டத்துக்கு எதிராகத் திருப்பித் திருப்பிச் சமாளிக்கப் பார்க்காதீர்கள். டிரெய்லரில் மின்சார பிரேக் என்றால், ஓட்டுநர் பக்கத்தில் உள்ள அதன் கண்ட்ரோலரில் கையால் தள்ளும் நெம்பு இருக்கும். அதை மெல்லத் தள்ளினால் டிரெய்லர் பிரேக் மட்டும் பிடித்து, வண்டியைப் பின்னால் இழுத்து நேராக்கும். கிளம்புவதற்கு முன் அந்த நெம்பு எங்கே இருக்கிறது என்று பார்க்காமலே கை போகும் அளவுக்குப் பழகுங்கள்.

ஆட்டத்துக்குக் காரணம் பெரும்பாலும் எடை உட்கார்ந்திருக்கும் இடம். உங்கள் வகை டிரெய்லரில் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் ஹிட்ச் மேல், அதாவது இழுக்கும் வண்டியின் பின்னால் உள்ள இணைப்பின் மேல், இறங்க வேண்டும். 2,700 கிலோவுக்கு 270 முதல் 405 கிலோ. ஐரோப்பியக் கேரவன்களில் இது குறைவு, அந்தக் கணக்கை இங்கே கொண்டுவராதீர்கள். இழுக்கும் வண்டியின் ஹிட்ச் எவ்வளவு தாங்கும் என்றும் பாருங்கள். பின்முனையில் என்ன ஏற்றியிருந்தீர்கள்?

எவ்வளவு நன்றாக எடை வைத்தாலும் வேகம் ஏற ஏற, ஆட்டம் தானாக அடங்கும் தன்மை குறைந்துகொண்டே போகும். குறிப்பிட்ட ஒரு வேகத்தைத் தாண்டினால் ஒவ்வொரு வீச்சும் முந்தையதைவிடப் பெரிதாகும். அதே டிரெய்லர், அதே சாமான், 90-ல் இரண்டு முறை ஆடி நிற்கும், 110-ல் நிற்காமல் போகலாம்.

இறக்கம் வந்தால் மேலேயே கியரைக் குறைத்துக்கொண்டு இறங்குங்கள். பாதியில் பிரேக் நாற்றம் வந்தபின் யோசிப்பது தாமதம்.

#9 நெடுவழி

பின்முனையில் மூன்று சைக்கிள், கருவிப் பெட்டி, இரண்டு தண்ணீர் கேன். இப்போது புரிகிறது. கருவிப் பெட்டியை வண்டிக்குள் மாற்றிவிட்டேன், கேன்களைக் காலி செய்தாயிற்று, சைக்கிள்கள் வண்டியின் கூரைக்குப் போகின்றன. கிளம்பும் முன் எடைமேடையில் ஏற்றிப் பார்க்கிறேன்.

#10 மழைக்கால்

தூரம், வேகம் இரண்டையும் பேசிவிட்டீர்கள். காற்றை யாரும் சொல்லவில்லை. பக்கவாட்டுக் காற்று பலமாக இருந்தால் நான் கிளம்புவதே இல்லை. திறந்த சமவெளியில் ஒருமுறை கிளம்பிவிட்டு, முதல் 40 கி.மீ.யில் மூன்று முறை அடுத்த தடத்துக்கு நகர்த்தப்பட்டேன். ஸ்டியரிங்கைப் பிடித்த பிடியில் இரண்டு தோளும் மறுநாள் வரை வலித்தன. திரும்பி அதே முகாமுக்குப் போய் இன்னொரு இரவுக்குப் பணம் கட்டினேன். மறுநாள் காலை ஆறு மணிக்குக் காற்றே இல்லை.

நாள் சிறியதாக இருந்தால்தான் இப்படி ஒரு நாளைத் தள்ளிப்போட முடியும். 700 கி.மீ. திட்டத்தில் ஒரு நாள் போனால் மொத்தப் பயணமும் குலையும். மூன்று மணிக்கு முன்பதிவு, ஆறு மணிக்கு முன்பதிவு என்று அடுக்கியவர்கள்தான் காற்றிலும் ஓட்டுகிறார்கள்.

#11 வேகவழி

காற்று விஷயத்தில் மறுபேச்சு இல்லை, நானும் நின்றிருக்கிறேன். பனித்துளி சொன்ன ஹப் கதையைப் படித்துவிட்டு யோசித்தேன். 800 கி.மீ. ஓட்டிய அன்று நான் ஒருமுறைகூட டிரெய்லரைச் சுற்றி வரவில்லை. ஆளை மாற்றினோம், வண்டியை நிறுத்திப் பார்க்கவில்லை. டிரைவர் இருவர் என்றாலும் பேரிங் அதேதானே.

இன்னும் எனக்கு ஒன்பது நாள்தான். ஆனால் அடுத்த முறை 800 கி.மீ. இடத்தை விட்டுவிட்டு 400-க்குள் ஒன்றைத் தேடப் போகிறேன். நாளைக் கூட்ட முடியாவிட்டால் இடத்தைப் பக்கத்தில் கொண்டுவரலாம்.

#12 மெதுநடை

வேகவழி, எனக்கு இது தோன்றவே இல்லை. நல்ல யோசனை.

நெடுவழி, திரும்பும் வழியில் நடு இரவுக்கு இடம் பிடிக்கும்போது, நேராக உள்ளே போய் நேராக மறுபக்கம் வெளியே வரும் இடமாகக் கேளுங்கள். பின்னால் எடுக்கவும் வேண்டாம், டிரெய்லரைக் கழற்றவும் வேண்டாம். கழற்றாவிட்டாலும் கட்டை வையுங்கள். தளம் சாலையிலிருந்து 10 கி.மீ.க்குள் இருக்கட்டும். நாளின் கடைசியில் வரும் குறுகலான கிராமச் சாலை 30 கி.மீ. என்றால் அது 100 கி.மீ.க்குச் சமம்.

#13 நெடுவழி

வீடு வந்து சேர்ந்தோம். நடந்ததை எழுதுகிறேன்.

எடைமேடையில் ஹிட்ச் எடை 340 கிலோ வந்தது. முதல் நாள் 335 கி.மீ. காலை எட்டரைக்குக் கிளம்பி, மூன்று முறை நிறுத்தி, 2.40-க்குச் சேர்ந்தோம். 92-ல் ஓட்டினேன். லாரிகள் முந்தியபோது லேசான தள்ளல் இருந்தது, ஆட்டம் இல்லை. ஒவ்வொரு நிறுத்தத்திலும் மகளும் கூட வந்து ஹப்பைப் பார்த்தாள். புறங்கையை நீட்டி "சூடு, சூடு, சூடு, சூடு, எல்லாம் ஒரே சூடு" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். இரண்டாவது நிறுத்தத்தில் சங்கிலி ஒன்று முறுக்கு அவிழ்ந்து தரையில் உரசிக்கொண்டிருந்ததைக் கண்டுபிடித்ததும் அவள்தான். கடைசி வளையம் ஒரு பக்கம் பளபளவென்று தேய்ந்திருந்தது. அதை மாற்ற வேண்டும்.

மூன்று மணிக்கு எங்கள் முகாமில் வேறு யாருமே இல்லை. ஓட்டி முடித்த நாளில் வெயிலில் உட்கார்ந்திருந்தது இதுதான் முதல் தடவை.

இரண்டாம் நாள் 385. இன்னும் கொஞ்சம் அதிகம்தான். கடைசி 50 கி.மீ.யில் மனைவி "நீங்க பேசி அரை மணி நேரமாச்சு" என்றாள். நிறுத்தினேன். இருபது நிமிடம் நடந்துவிட்டு வந்து ஓட்டினேன். வீட்டு வாசலில் பின்னால் எடுத்தபோது மனைவியின் முகம் கண்ணாடியை விட்டு ஒருமுறைகூட மறையவில்லை. மூன்று முறை முன்னே போய்ச் சரிசெய்தேன், யாரும் கத்தவில்லை. கட்டை வைத்துவிட்டு மகளைக் கூப்பிட்டுக் காட்டினேன், அதன்பிறகுதான் ஜாக்கைத் தொட்டேன்.

உடைந்த விளக்குக் கண்ணாடியை நாளை மாற்றுகிறேன். திருகு இரண்டுதான் இருக்கிறது, நானே செய்யலாமா?

#14 கொக்கி

தாராளமாக. ஆனால் கண்ணாடியோடு நிறுத்தாதீர்கள். ஒரு வாரமாகத் திறந்து கிடந்திருக்கிறது, பல்பு உட்காரும் இடத்தில் பச்சை படிந்திருந்தால் சுரண்டிச் சுத்தம் செய்யுங்கள். சுவரோடு சேரும் விளிம்பில் பழைய சீலண்டை முழுக்க எடுத்துவிட்டுப் புதிதாகப் போடுங்கள். அடியில் மட்டும் ஒரு விரல்கடை விட்டுவிடுங்கள், உள்ளே தண்ணீர் போனால் வடிய வழி வேண்டும். சங்கிலிக்குப் பதில் வாங்கும்போது டிரெய்லரின் மொத்த எடைக்கு ஏற்ற தாங்குதிறன் பார்த்து வாங்குங்கள், இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள்.